அம்மா கட்டிய தக்கைப் பிரிமணை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, முழங்கால், பிள்ளைகள் போன் எடுக்காதது என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும். சின்ன வயதில் எதற்குப் பயந்தோம் என்று யாரும் பேசுவதில்லை. கேட்டால் இருட்டு, பேய், கணக்கு வாத்தியார் என்று மழுப்பிவிடுவோம். நான் பயந்தது ஒரு பிரிமணைக்கு. சிரிக்காதீர்கள். சூடான பானையை இறக்கி வைக்க அடியில் போடுவோமே, வைக்கோலில் வளையமாகச் சுற்றியது, அதே பிரிமணைதான்.

போன மாதம் மருமகள் ஆன்லைனில் ஒன்று வாங்கினாள். ஒயின் பாட்டில் தக்கைகளை நெருக்கி ஒட்டி வட்டமாகச் செய்தது. சமையலறைக்கு ஏற்ற பரிசு, கையால் செய்தது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததாம். சாப்பாட்டு மேசையில் சாம்பார்ச் சட்டியை அதன்மேல் இறக்கி வைத்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. எதிரில் இருந்த அம்மா, தொண்ணூறை நெருங்கியவள், வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் பிரிமணையைக் காணோம். வீடெல்லாம் தேடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய துணியில் சுற்றிக் கிடந்ததை மருமகள்தான் கண்டெடுத்தாள்.

"அம்மாச்சிக்கு வயசாயிருச்சு அத்தை" என்றாள் சிரித்துக்கொண்டே. வயசாகவில்லை, பயம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. கொடைரோட்டுக்குப் பக்கத்தில் மல்லித் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அக்காவைச் சாணார்பட்டிப் பக்கம் உழவுமாடு வைத்திருந்த ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. தலைப்பொங்கல் வருகிறது. சீர் கொண்டுபோக வேண்டும். கல்யாணத்திலேயே வீடு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்த மார்கழிப் பனியில் மொட்டும் கருகிப்போனது. பானையும் அரிசியும் கரும்பும் தேறிவிடும். அதற்கு மேல் தட்டில் என்ன வைப்பது என்று அம்மா தூங்காமல் புரண்டாள்.

கொடைக்கானலில் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல்காரராக இருந்தார் மாமா, அம்மாவின் தம்பி. ஒருநாள் சாக்குமூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். மூட்டையின் பருமனைப் பார்த்து உருளைக்கிழங்கு என்று நினைத்தேன். அவர் அதை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் ஏதோ மந்திரம் என்று தோன்றியது. நடுவீட்டில் கவிழ்த்தார். கட்டைவிரல் தடிமனில் குட்டைக் குட்டையாக உருண்டு ஓடின. விழுந்த சத்தமே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு முனையில் கருஞ்சிவப்பாக இருந்தது. நடுவில் ஒரு ஓட்டை. மோந்து பார்த்தேன். பானையின் அடியில் மறந்துபோன நாவல்பழ வாடை.

"என்னடா இது?" என்றாள் அம்மா.

"தக்கைக்கா. வெளிநாட்டுக்காரக குடிக்கிற பாட்டில அடச்சிருக்கது. திருகாணி போட்டுப் புடுங்கிட்டுக் குப்பையில போட்டுர்றாக. எங்க மொதலாளியம்மா இதுலயே பிரிமணை செஞ்சு வச்சிருக்கு. எம்புட்டுச் சூடும் தாங்கும்."

"குடிக்கிற பாட்டிலா?" அம்மா கையில் இருந்ததைக் கீழே போட்டாள்.

"கழுவிட்டா அதுவும் மரப்பட்டைதேன். சாணார்பட்டியில எவனுக்குத் தெரியப்போகுது?"

மதுவிலக்கு இருந்த காலம் அது. ஹோட்டலில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெர்மிட் உண்டு. நமக்குக் காலிப் பாட்டில் வீட்டில் இருந்தாலே போலீஸ் கேஸ். போதாக்குறைக்கு அக்காவின் மாமனார் வருஷம் தவறாமல் பழனிக்கு நடப்பவர். சாராய வாடை அடிக்கிற ஆளோடு ஒரே வண்டியில் ஏற மாட்டார். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் அந்தத் தக்கையைத் திரும்ப எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், நகத்தால் அழுத்தினாள். அழகான ஒன்றைச் செய்ய முடியும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் புத்தி சொல்வதைக் கை கேட்பதில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றி வைத்திருந்தோம். சுவருக்குப் போக மீந்த சுண்ணாம்புத் தண்ணீரில் தக்கைகளைப் போட்டு, மிதக்காமல் இருக்க மேலே அம்மிக்குழவியை வைத்தாள். ரெண்டு மூன்று நாள் ஊறியபின் எடுத்தால் வாடை போயிருந்தது. சிவப்பும் செத்து, சாம்பல் நிறமாகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள்தான் மறந்துபோனோம்.

பாயில் காயப்போட்ட அன்று ஏட்டு வந்தார். பொங்கல் சமயத்தில் பூ வாங்க வருவார், காசு கொடுக்காமல். சைக்கிள் மணி கேட்டதும் அம்மாவுக்கு முகம் வெளுத்தது. பறித்து வைத்திருந்த மல்லிக்கூடை அப்படியே பாய்மேல் கவிழ்ந்தது.

"என்னம்மா, பூவைப் போய் வெயில்ல கொட்டியிருக்க?"

"பனி ஈரம்யா. செத்த நேரம் உலரட்டும்னு."

அவர் குனிந்து கைநிறையப் பூ அள்ளினார். ஒரு தக்கை உருண்டு அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் போகும்வரை எழவில்லை. அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல். அம்மாவுக்கோ, கூடைப் பூவும் வெயிலில் வாடிப்போன கவலை.

அதன்பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை. ஓட்டை ஏற்கெனவே இருந்ததால் கோணி ஊசி சுலபமாக நுழைந்தது. நூல், சின்னாளப்பட்டித் தறியில் மிச்சமான சாயநூல். அம்மா அவற்றைச் சும்மா கோக்கவில்லை. பூக் கட்டுகிற அதே முடிச்சு, இரண்டை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் வைத்து, கட்டைவிரலைச் சுற்றி இழுக்கிற முடிச்சு. சரம் நீள நீள அதை வளையமாகச் சுற்றித் தைத்தாள். பெரிய பானைக்கு ஒன்று, சட்டிக்கு ஒன்று. எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடைப்பு. சீருக்கு எடுத்து வைத்திருந்த குழம்புச் சட்டி மூடியில் கைப்பிடி கழன்றுபோயிருந்த இடத்தில், சுடாமல் பிடிக்க ஒரு பாதித் தக்கையை ஆணி வைத்து இறுக்கிக் குமிழாக்கினாள். தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்தாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. அம்மா தன் கைவேலையைப் பார்த்து அப்படிச் சிரித்ததை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

பஸ் ஏறுமுன் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "இது என்னான்னு ஆரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. பாட்டிலு, தக்கைன்னு வாயத் தொறந்த, அக்கா வாழ்க்கை போயிரும். வெளங்குச்சா?" திண்டுக்கல்லில் பஸ் மாறி அந்த ஊர் போய்ச் சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை. வாந்தி வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கூட வந்த அப்பா சீரை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். பொங்கல் பூவைப் பறித்தாக வேண்டும். எங்களை இருந்து பொங்கல் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அக்காவின் மாமியார் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தார். பிரிமணையில் கை நின்றது.

"இது என்ன மரம் மதினி?"

"நெட்டி மதினி. எங்க பக்கம் கெடைக்கிறது."

"ஒவ்வொண்ணுலயும் ஆணி எறங்குன மாதிரி இருக்கே?"

"நூல் கோக்கப் போட்டது."

மாமியார் அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். சாயங்காலம் அக்கா எங்களை மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். கொட்டம் காலியாக இருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணுன? உழவுமாடு ரெண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணா செத்துப்போச்சு. ஆரோ செய்வினை வச்சிருக்காகன்னு கோடாங்கி உடுக்கடிச்சுக் குறி சொல்லியிருக்கான். அடுத்தது வெளியில இருந்து கையால செஞ்ச பொருளா வரும்னு சொல்லியிருக்கான்மா. அதுல இருந்து எங்க மாமியா பக்கத்து வீட்டு மோரக்கூட வாங்குறதில்ல."

"பிரிமணைதானடி" என்றாள் அம்மா.

பொங்கலன்று விடியற்காலையில் வாசல் நிறையக் கோலம். புதுப்பானைக் கழுத்தில் மாமியார் மஞ்சளை அரைத்துத் தடித்தடியாகப் பூசினார். மஞ்சள் கொத்தும் கட்டினார். சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பால் பொங்கியது. குலவை போட்டார்கள். நானும் போட்டேன், வழக்கத்தைவிடச் சத்தமாக. பயத்தை மறக்க வேறு வழி தெரியவில்லை. தலைப்பொங்கல் ஆயிற்றே, பொண்ணு வீட்டுச் சீரிலேயே பானை உட்காரட்டும் என்று யாரோ சொன்னார்கள். மச்சான் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமுமாகத் துணி பிடித்துப் பானையைத் தூக்கி, கோலத்துக்கு நடுவில் தக்கைப் பிரிமணைமேல் வைத்தார்கள்.

வழிந்த பால் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு பானை வயிற்றில் இறங்கியது. மஞ்சளாகத்தான் இறங்கியது. தக்கைக்குள் போனது. செத்த நேரத்தில் பிரிமணைக்கு அடியிலிருந்து சிவப்பாக வெளியே வந்தது. வெள்ளைக் கோலத்தின்மேல் மெல்லப் பரவியது.

"ரத்தம்!" என்றார் மாமியார்.

குலவை அறுந்தது. நின்றிருந்த பெண்கள் எல்லோரும் புடவையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். அந்தச் சிவப்பு என் கால்பக்கம் வருகிற மாதிரி இருந்தது. நாலு எட்டில் நின்ற அம்மாவிடம் போகக்கூட என் கால் எழவில்லை.

"ஆணியடிச்சுக் கொண்டாந்திருக்கா! அப்பவே கேட்டேன்ல? நெட்டின்னா, நூலுன்னா! மாட்டத் தின்னது பத்தாம எம்மகனத் தின்ன வந்திருக்கா!" மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். "கோடாங்கியக் கூட்டியாங்க! ஆத்தாளும் மகளும் இங்கனயே நிக்கட்டும்!"

யாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு கோடாங்கி வீட்டுக்குப் போனார்கள். அக்காவைச் சுவரோரமாகத் தனியே நிறுத்தினார்கள். மச்சான் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடாங்கி வந்து உடுக்கடித்துச் செய்வினை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா அன்றே வாழாவெட்டி. அப்போது எனக்கு அந்த வார்த்தை தெரியாது. அக்காவின் முகம் தெரிந்தது.

அந்த மாமியாரை நான் வெகுகாலம் சபித்திருக்கிறேன். இப்போது சபிக்க மனசு வரவில்லை. பொல்லாதவர் இல்லை. பயந்தவர். அந்த வாசலில் பயப்படாதவர் என்று ஒருத்தரும் இல்லை.

அம்மா முன்னால் வந்தாள். மாமனாரின் காலருகில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, செய்வினை இல்லண்ணே. சத்தியமா இல்ல. அது சாராயப் பாட்டில் தக்கை. எந்தம்பி வேலை பாக்குற ஓட்டல்ல இருந்து வந்தது. அந்தச் சாராயச் சாயந்தேன் சூட்டுல எறங்குது. தப்பு எம்மேலதேன். எம்மக ஒண்ணும் அறியா."

மாமனார் வெகுநேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொங்கப் பானைக்கு அடியில சாராயத்த வச்சிருக்க" என்றார் கடைசியில். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பொண்ணு இருக்கட்டும். அது எங்க வீட்டுப் பொண்ணு. நீ இனிமே இந்தப் படிய மிதிக்காத தாயி."

பொங்கலைப் பானையோடு தூக்கிப்போய்க் காட்டில் குழி வெட்டிப் புதைத்தார்கள். பிரிமணையும் அதோடு போயிற்று. எனக்குப் பசித்தது. கேட்கப் பயந்து, பஸ் வரும்வரை ரோட்டோரப் புளியமரத்தடியில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போனதும் மிச்சமிருந்த தக்கைகளை அடுப்பில் போட்டு எரித்தாள். மாமாவோடு ரொம்ப நாள் பேசவில்லை.

படியை மிதிக்காதே என்ற அந்தச் சொல்லை அம்மா இத்தனை வருஷமும் காப்பாற்றினாள். அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள், அதற்குத் தடையில்லை. பேரன் காதுகுத்துக்கு அம்மா கோயில்வரை போனாள், வீட்டுக்குப் போகவில்லை. மாமனார் போய், பின்னால் மாமியாரும் போனார். இரண்டு சாவுக்கும் தெருவில் நின்று அழுதுவிட்டு வந்தாள். "இனி ஆரும்மா உன்னத் தடுக்கப்போறா?" என்று கேட்டால், "சொன்ன சொல்லு இருக்குல்ல" என்பாள்.

மருமகளின் பிரிமணை அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைத்த அன்று அக்காவுக்குப் போன் போட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அது சாராயமே இல்லடி" என்றாள்.

"எது?"

"அன்னைக்கு வந்த செவப்பு. நீங்க போனப்பறம் வாசலத் தொடைக்கச் சொன்னாக. துணிய அலசுறேன், ஆரத்தித் தண்ணி நெறம். மோந்து பாத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும். அம்மா அதச் சுண்ணாம்புலதான ஊறப்போட்டிருக்கும்? பான மஞ்ச அதுல பட்டா வேற எப்படி வரும்?"

ஆரத்தி! மஞ்சளில் துளி சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாத பெண் நம் ஊரில் உண்டா? அன்று அந்த வாசலில் நின்ற அத்தனை பேரும் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆரத்தி கரைத்தவர்கள். மாமியார் கரைத்திருக்கிறார். அம்மா கரைத்திருக்கிறாள். ஒருத்திக்கும் தோன்றவில்லை. எதற்குப் பயந்தார்களோ அதைத்தான் கண் பார்த்தது.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாராயம்னு கேட்டுத்தேன் கோடாங்கியத் திருப்பி அனுப்புனாக. சாராயம் இல்லன்னு நானே போய்ச் சொன்னா மறுபடி உடுக்க எடுத்திருவாகளோன்னு பயம். பெறகு அம்மாகிட்டச் சொல்லப் பயம். இல்லாத பழிய அதுவா தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருச்சேன்னு தாங்குமா?" உடனே பேச்சை மாற்றினாள். "அந்தக் கொழம்புச் சட்டி மூடி இன்னும் எங்கிட்ட இருக்குடி. அடுப்படியில இருந்ததால ஆரும் கவனிக்கல. எங்க மாமியா சாகுற வரைக்கும் அந்தத் தக்கையப் புடிச்சுத்தேன் மூடியத் தெறந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்குமுன் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அம்மாவக் கூட்டியா. இந்த வாசல்லயே வச்சுச் சொல்லிர்றேன்" என்றாள்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது பெரிய பாடு. காரில் அவள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டே வந்தாள். ஊர் எல்லையில் அந்தப் புளியமரம் இல்லை, ரோட்டை அகலமாக்கியதில் போய்விட்டது. அக்கா வீட்டு முன்னால் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு படி வரைக்கும் வந்தாள்.

அக்கா தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். தாம்பாளம் நிறையச் சிவப்புத் தண்ணீர்.

அம்மா அதைப் பார்த்தாள். முகம் அப்படியே அந்தப் பழைய முகமாக மாறியது. என் தோளை விட்டுவிட்டுப் பின்னால் ஓரடி வைத்தாள்.

"நான் ஒண்ணும் செய்யல தாயி" என்றாள்.

"நீ ஒண்ணும் செய்யலம்மா." அக்கா தாம்பாளத்தைக் கீழே இறக்கி, தண்ணீரில் விரலை நனைத்து அம்மாவின் மூக்கருகில் காட்டினாள். "மோந்து பாரு. மஞ்சளும் சுண்ணாம்பும். அன்னைக்குப் பானைக்கு அடியில வந்ததும் இதான். சாராயமும் இல்ல, ரத்தமும் இல்ல. உன் பிரிமணை ஆரத்திதாம்மா எடுத்துச்சு."

அம்மா மோந்து பார்த்தாள். அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தபோது, எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேம்மா. நீ போனப்பறம்."

"சொல்லியிருக்கலாமேடி."

அக்கா, அறுபத்தைந்தைத் தாண்டியவள், பேரன் பேத்தி எடுத்தவள், சுவரோரம் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணாகவே நின்றாள்.

"பயமா இருந்துச்சும்மா."

அம்மா மெல்லக் குனிந்தாள். பிறகு அந்தச் சிவப்பைத் தானே விரலில் தொட்டு, அக்காவின் நெற்றியில் வைத்தாள்.

"எனக்கும் பயமாத்தேன்டி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள்.